கன்னத்தில் ஒன்று, நுரையீரலில் ஒன்று: பரவியதா, இரண்டாவது புற்றா?

கேள்வியின் சாரம் இது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமனாருக்கு வயது 61. நெடுநாளாகப் புகையிலை அடக்கும் பழக்கம், பீடியும் உண்டு. வலது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (மேல்தோல் செல்லில் பிறக்கும் புற்று). கோயம்புத்தூரில் எடுத்த பெட் சிடியில் (கதிர் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) கழுத்தில் ஒரு நெறிகட்டியும், வலது நுரையீரலின் மேல் மடலில் 1.8 செ.மீ. முடிச்சும் ஒளிர்ந்திருக்கின்றன. ஒரு மருத்துவர் 'நான்காம் கட்டம், பரவிவிட்டது' என்கிறார். இன்னொருவர் 'வேறு புற்றாக இருக்கலாம்' என்கிறார். யார் சொல்வது சரி, எதற்கு முதலில் வைத்தியம்?

இப்போதைக்கு இரண்டுமே ஊகம். நுரையீரல் முடிச்சுக்குள் ஊசி போய்ச் சதை வெளியே வரும்வரை 'நான்காம் கட்டம்' என்று யாரும் எழுதக் கூடாது, நீங்களும் அதை நம்பி வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு சொல்லால் வைத்தியத்தின் திசையே மாறிவிடும். பரவியது என்றால் நாளைத் தள்ளுவதற்கான மருந்து. தனித்தனி என்றால் கன்னத்தில் மூன்றாம் கட்டத்தில் ஒன்று, நுரையீரலில் முதல் கட்டத்தில் ஒன்று, இரண்டையுமே குணப்படுத்தும் நோக்கத்தோடு வைத்தியம் பார்க்கலாம். இரண்டு புற்று என்ற செய்தி கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், ஒரே புற்று பரவியது என்பதைவிட இவருக்கு அதுதான் நல்ல செய்தி.

ஒருவருக்கே இரண்டு புற்று வருவது அரிதான விஷயமில்லை. 1932-இல் வாரன், கேட்ஸ் என்ற இருவர் வகுத்த விதிதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: இரண்டும் புற்று என்பது நுண்ணோக்கியில் உறுதியாக வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதல்ல என்று விலக்க வேண்டும். 6 மாதத்துக்குள் இரண்டும் தெரியவந்தால் ஒருசேர வந்தவை என்பார்கள் (சில பதிவேடுகள் 2 மாதம் என்று கணக்கிடும்), அதற்குப் பிறகென்றால் அடுத்தடுத்து வந்தவை. உங்கள் மாமனாருக்குக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. புகையிலைச் சாறும் பீடிப் புகையும் பட்ட இடமெல்லாம், வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் என்று முழு வயலுமே கெட்டிருக்கும். அதில் ஒரு மூலையில் ஒன்று முளைத்தால் இன்னொரு மூலையிலும் முளைக்கலாம். 1953-இல் ஸ்லாட்டர் என்பவரும் உடன் உழைத்தவர்களும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதியபோது 'வயல்' என்ற சொல்லைத்தான் எடுத்தாண்டார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: வாய், தொண்டை, குரல்வளையை முழுக்கப் பார்த்தார்களா? உணவுக்குழாய்க்கு எண்டோஸ்கோப்பி ஆயிற்றா? பெட் சிடியில் ஒளிரவில்லை என்பதால் உணவுக்குழாய் சுத்தம் என்று ஆகாது. மேல்தோலோடு நிற்கும் ஆரம்பப் புற்று அதில் தெரியாமலே போகும். எண்டோஸ்கோப்பியில் லூகால் அயோடின் தெளித்தால் நல்ல இடம் பழுப்பாகும், கெட்ட இடம் நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். மூன்றாவது ஒன்று இருந்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அறுவைக்குப் பிறகு வாய் திறக்காமல் போனால் குழாயை உள்ளே விடுவதே பெரும்பாடு.

அடுத்து ஊசி. அந்த முடிச்சு நான்கில் எதுவாகவும் இருக்கலாம்: கன்னத்திலிருந்து பரவியது, நுரையீரலிலேயே பிறந்த புற்று, காசநோய், பழைய தழும்பு அல்லது பூஞ்சை. நம் ஊரில் காசநோயை ஒருபோதும் மறக்கக் கூடாது. பெட் சிடியில் அதுவும் புற்றைப் போலவே ஜொலிக்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் எஸ்யூவி எண்ணை (எவ்வளவு ஒளிர்கிறது என்ற அளவு) வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சிடி பார்த்துக்கொண்டே மார்புச் சுவர் வழியாக 18 அல்லது 20 கேஜ் ஊசியில் மூன்று, நான்கு இழை சதை எடுப்பார்கள். அதில் ஒரு இழையை ஃபார்மலினில் போடாமல் சலைனில் போட்டு காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சருக்கு வழியே இல்லை. இதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். பாட்டில் மூடியபின் சொல்லிப் பயனில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நுரையீரலில் ஊசி போட்டால் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசிந்து தேங்கும். பெரும்பாலும் தானாக வற்றிவிடும், சிலருக்கே குழாய் தேவைப்படும். ஆனால் கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். கீழே இருந்த அளவு ஊட்டியில் ஏறத்தாழ கால் பங்கு கூடும், கோத்தகிரியில் ஐந்தில் ஒரு பங்கு. கீழே எக்ஸ்ரேயில் 'லேசாக இருக்கிறது, போகலாம்' என்றது பாதி மலையில் மூச்சுத் திணறலாக முடியலாம், அதுவும் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் கொண்டை ஊசி வளைவில். எனவே ஊசி போட்ட அன்று மாலையே ஜீப் ஏறாதீர்கள். ஒரு இரவு கீழே தங்கி, மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, காற்று இல்லை என்று உறுதியான பிறகு ஏறுங்கள். காற்று இருந்தால் அது முழுக்க வற்றிய பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கும்போது வீடு எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது தானாக நினைவுக்கு வராது.

பெட் சிடியைத் திரும்ப எடுக்க நேர்ந்தாலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் பனியில் விடியற்காலை கிளம்பி நடுங்கிக்கொண்டே இறங்கினால், கழுத்திலும் தோள்பட்டைக் குழியிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு உடம்பைச் சூடாக்க சர்க்கரையை உறிஞ்சும். ஸ்கேனில் நெறிகட்டி போலவே ஒளிரும். முந்தின நாளே இறங்கி, ஸ்வெட்டரும் குல்லாயுமாகப் போய், ஸ்கேனுக்கான சர்க்கரை ஊசி போட்டபின்னும் போர்த்திக்கொண்டு இருக்க வேண்டும். முந்தைய நாள் கொழுந்து பறிப்பது, மூட்டை தூக்குவது வேண்டாம், தசைகள் ஒளிரும். அந்த ஊசிக்குப் பின் பேச்சும் மெல்லுதலும் கூடாது, தாடைத் தசை ஒளிர்ந்து கன்னத்துப் புண்ணின் அளவைக் குழப்பும். 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும்.

சதை லேபுக்குப் போனபின் நடப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். கன்னத்துப் புற்றின் ஸ்லைடில் செல்கள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகச் சுருண்டு கெரட்டின் முத்துகளாக நிற்கும். நுரையீரலில் பிறக்கும் அடினோகார்சினோமா (சுரப்பி வகைப் புற்று, சுருக்கமாக அடினோ) அப்படி இராது; சிறுசிறு சுரப்பி வட்டங்களாக, அல்லது காற்றறைச் சுவரில் ஒட்டிப் படர்ந்தபடி இருக்கும். சந்தேகம் வந்தால் சாயம்: டிடிஎஃப்-1 போட்டுச் செல்லின் உட்கரு பழுப்பானால் அது நுரையீரல் அடினோ என்பதற்கு வலுவான சாட்சி, நாப்சின்-ஏ கூடவே வந்தால் இன்னும் உறுதி. பி40 உட்கருவைப் பழுப்பாக்கினால் அது ஸ்குவாமஸ். கன்னம் பி40, நுரையீரல் டிடிஎஃப்-1 என்று வந்துவிட்டால் வழக்கு முடிந்தது, இரண்டு புற்று.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அந்தச் சிறு இழையிலேயே பத்துப் பதினைந்து சாயம் போட்டுத் தீர்த்துவிடுவது. அடினோ என்று வந்தால் எந்த மருந்து பொருந்தும் என்று அறிய அதே சதையில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, பிடி-எல்1 என்ற சோதனைகளும் பார்க்க வேண்டியிருக்கும். டிடிஎஃப்-1, பி40 இரண்டோடு நிறுத்தி மீதியைச் சேமிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அதோடு, கன்னத்தின் ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் (சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி) எந்த மருத்துவமனையில் இருந்தாலும் வாங்கிவந்து, இரண்டையும் ஒரே நோய்க்குறியியல் நிபுணர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் காகிதங்களை மட்டும் ஒப்பிட்டுச் சொல்வது ஒப்பீடே ஆகாது.

முடிச்சும் ஸ்குவாமஸ் என்று வந்தால்தான் தலைவலி. பீடி குடித்த நுரையீரலில் ஸ்குவாமஸும் பிறக்கும், கன்னத்து ஸ்குவாமஸும் அங்கே போய் உட்காரும், சாயம் இரண்டுக்கும் ஒன்றே. அப்போது பார்ப்பவை: முடிச்சு ஒன்றா பலவா (பல என்றால் பரவலின் பக்கம் சாயும்), ஓரம் வழவழப்பான உருண்டையா, முள்முள்ளாக இழுத்துக்கொண்டதா (முள் என்றால் பெரும்பாலும் அங்கேயே பிறந்தது), கழுத்து நெறிகளில் நோய் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, பக்கத்து மூச்சுக்குழாய்த் தோலில் ஆரம்ப மாற்றம் உண்டா. இரண்டு கட்டிகளின் மரபணு மாற்றங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு, செலவு அதிகம். எதிலும் முடிவு வரவில்லை, ஒற்றை முடிச்சுதான், ஆளும் தெம்பாக இருக்கிறார் என்றால், தனிப் புற்று என்றே வைத்துக்கொண்டு குணப்படுத்தும் வைத்தியம் கொடுப்பதுதான் ஏற்ற வழி. தவறிப்போனாலும் ஒற்றைப் பரவலை வெட்டி எடுத்ததாகவே ஆகும், பெரிய நஷ்டமில்லை. மாறாகக் குணமாகக்கூடியதைக் கைவிட்டால் அதைத் திருப்ப முடியாது.

மார்பின் நடுவில் உள்ள நெறிகளும் ஒளிர்ந்திருந்தால், மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் வைத்து ஊசியில் உறிஞ்சிப் பார்க்காமல் புற்று என்று எண்ணக் கூடாது. அங்கேயும் காசநோய்க் கட்டிகள் நிறைய ஏமாற்றும்.

இனி எது முதலில். அடினோ என்று வந்ததாகவே வைத்துக்கொள்வோம். கன்னம்தான் முதலில். வாய்ப்புற்று வேகமாக வளரும், கழுத்தில் ஏற்கெனவே ஒரு நெறி, சாப்பாடும் இறங்காமல் போய்க்கொண்டிருக்கும், 1.8 செ.மீ. நுரையீரல் அடினோ இரண்டு மூன்று மாதத்தில் கட்டம் மாறுவது அரிது. ஆனால் முதலில் என்பதற்கு 'இது முடியட்டும், அதை அப்புறம் பார்ப்போம்' என்று பொருளில்லை. முதல் வெட்டுக்கு முன்பே வாய் அறுவை நிபுணர், மார்பு அறுவை நிபுணர், ரேடியேஷன் நிபுணர், கீமோ நிபுணர், மயக்க மருந்து நிபுணர் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே அட்டவணை போட வேண்டும். டியூமர் போர்டு என்பார்கள். அது இல்லாத இடத்தில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு ஃபைலில் தனித்தனியாக வைத்தியம் செய்வார்கள், நடுவில் நோயாளி மாட்டிக்கொள்வார்.

எப்படி மாட்டுவார் என்பதற்கு வாய் திறப்பே போதும். புகையிலைக்காரர்களுக்கு ஏற்கெனவே தாடை இறுகியிருக்கும். இப்போதே அவரை வாயைத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையே நுழைகிறதா பாருங்கள். இரண்டுதான் நுழைகிறது என்றால் கன்ன அறுவைக்கும் ரேடியேஷனுக்கும் பிறகு ஒன்றுகூட நுழையாமல் போகலாம். நுரையீரல் அறுவைக்கு ஒரு பக்கத்தைச் சுருக்கிவைக்க இரட்டைக் குழாய் விட வேண்டும். சாதாரணக் குழாயைவிடத் தடிமனானது, வாய் வழியாகத்தான் போகும். திறக்காத வாயில் அது போகாது. வேறு வழி இருக்கிறது, மூக்கு வழியாகவோ கழுத்துத் துளை வழியாகவோ மெல்லிய குழாய் விட்டு உள்ளே பலூன் வைத்து அடைப்பது. ஆனால் அதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், ஆபரேஷன் மேசையில் கண்டுபிடிக்கக் கூடாது. கன்னத்தின் குழியை மூட வலது மார்புத் தசையைத் திருப்பிவைக்கும் திட்டம் இருந்தால் அதுவும் மார்பு நிபுணருக்குத் தெரிய வேண்டும், வலது பக்கம்தானே அவரும் இறங்கப் போகிறார்.

கன்னத்தில் புண்ணைச் சுற்றி நல்ல சதையோடு, லேபில் அளக்கும்போது 5 மி.மீ.க்குக் குறையாத விளிம்பு கிடைக்கும்படி வெட்டி, கழுத்து நெறிகளையும் எடுப்பார்கள். நெறியில் நோய் இருந்தால் பிறகு ரேடியேஷன், ஊர்ப் பேச்சில் கரண்ட். வழக்கமாக 60 கிரே (கதிரின் அளவு), 30 தடவை, வாரம் ஐந்து நாள், 6 வாரம். விளிம்பில் புற்று மிச்சமிருந்தாலோ நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்ப்பார்கள்: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி., அல்லது வாரம் 40 மி.கி. அறுவையிலிருந்து 6 வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கிவிட வேண்டும். இந்த கெடு தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பல். கெட்ட பல்லை முன்பே பிடுங்காமல் விட்டு, ரேடியேஷன் பிளானிங் அன்று பார்த்தால், பிடுங்கிய குழி ஆறவே 10 முதல் 14 நாள் போய்விடும். பிடுங்காமல் கரண்ட் வைத்து, பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து. அறுவை செய்யும் அன்றே அந்தப் பற்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

30 தடவைக்கும் மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறுவது நடக்காத காரியம். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண்ணாகும், மூக்குக் குழாயில்தான் கஞ்சி போகும். அந்த நிலையில் வளைவுகளில் வாந்தி எடுத்தால் நெஞ்சில் ஏறி நிமோனியா ஆகும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் ஒரு நாள் போச்சு. விடுபடும் ஒவ்வொரு நாளுக்கும் தலை, கழுத்துப் புற்றில் கட்டுப்பாடு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை குறையும் என்பது பழைய கணக்கு. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ 6 வாரத்துக்கு ஒரு அறை பார்த்துவிடுங்கள், கூட இருக்க ஒருவர். இன்னொன்று: குளிரில் இருந்து பழகியவர்களுக்குத் தாகமே எடுக்காது, நாளைக்கு நாலு டம்ளர் டீயோடு முடித்துக்கொள்வார்கள். சிஸ்பிளாட்டின் ஏறும் வாரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ இரண்டரை, மூன்று லிட்டர் போக வேண்டும், அளந்து எழுதிவையுங்கள். காது இரைச்சல் வந்தால் அடுத்த டோஸுக்கு முன் சொல்ல வேண்டும்.

நுரையீரலுக்கு இரண்டு வழி. 2 செ.மீ.க்கு உட்பட்டு, ஓரமாக இருந்தால் முழு மடலையும் எடுக்க வேண்டியதில்லை. அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலே போதும் என்று 2022-லும் 2023-லும் வெளிவந்த ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மலைவாசிக்கு முக்கியம். ஊட்டியில் ஆரோக்கியமான ஆளுக்கே ஆக்சிஜன் 94, 95 என்று காட்டும். கீழே 93 இருக்கும் பீடிக்காரர் மடலை இழந்து மேலே போனால் தோட்டத்து ஏற்றத்தில் நடக்கத் திணறுவார். மூச்சுச் சோதனையில் எஃப்இவி1-ஓடு (ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று) டிஎல்சிஓ-வும் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) பார்க்க வேண்டும். அறுவைக்குப் பிறகு எஞ்சும் என்று கணக்கிட்ட அளவு இரண்டிலும் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தைரியமாகப் போகலாம், நடுவில் என்றால் படியேறும் சோதனை, ஏதாவது ஒன்று 30-க்குக் கீழே என்றால் முழு உடற்பயிற்சி மூச்சுச் சோதனை செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது.

வாய் திறக்கவில்லை, மூச்சும் குறைவு, உமிழ்நீர் நெஞ்சில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் இரண்டாம் வழி: எஸ்பிஆர்டி என்னும் குறிவைத்த ரேடியேஷன், மூன்று முதல் ஐந்து தடவையில் முடியும். எனக்குக் கேட்டால், இவரைப் போன்றவருக்கு இதையே முதலில் யோசிப்பேன். கன்ன அறுவை முடிந்து காயம் ஆறும் இடைவெளியிலேயே கொடுத்து முடித்துவிடலாம், மொத்த அட்டவணையில் ஒரு நாளும் வீணாகாது. ஒரு கவனம்: முடிச்சு மேல் மடல் உச்சியில் இருந்தால் கழுத்துக்குக் கொடுக்கும் ரேடியேஷனின் கீழ் ஓரமும் இதன் மேல் ஓரமும் நெருங்கும், கைக்குப் போகும் நரம்புக் கற்றை நடுவில் இருக்கிறது. இரண்டு பிளானையும் ஒரே கணினியில் கூட்டிப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஒரே மையத்தில் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மருந்தில் ஒரு கண்ணி உண்டு. வாய்ப்புற்றுக்கு இப்போது இம்யூனோதெரபியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) பேசப்படுகிறது. நம் நாட்டு நுரையீரல் அடினோவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கும், அதற்கான மாத்திரை ஓசிமெர்டினிப். இம்யூனோதெரபி ஏற்றி, அதன் பிடி உடம்பில் இருக்கும்போதே இந்த மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் கடுமையாக வீங்கும் ஆபத்து உண்டு. கன்னத்துக்கு ஒருவர் எழுதியது, நுரையீரலுக்கு இன்னொருவர் எழுதியது, தனித்தனியே இரண்டும் சரி. ஆகவே இஜிஎஃப்ஆர் முடிவு கைக்கு வரும்முன் இம்யூனோதெரபி வேண்டாம். 1.8 செ.மீ., நெறி சுத்தம் என்றால் நுரையீரலுக்கு இப்போது மாத்திரையும் தேவையில்லை, கீமோவும் தேவையில்லை. முடிவைக் கோப்பில் வைத்திருந்தால் போதும்.

காப்பீடு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இரண்டு புற்றுக்கான செலவும் அதே 5 லட்சத்துக்குள் வரும் என்பதால், எதை இந்த ஆண்டுக் கணக்கில், எதை அடுத்ததில் என்று காப்பீட்டு மேசையில் முன்பே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு நோயறிதலும் இரண்டு கட்டமும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். 'நுரையீரலுக்குப் பரவிய வாய்ப்புற்று' என்று அவசரத்தில் ஒருவர் தட்டச்சு செய்தால், பின்னால் வரும் ஒவ்வொருவரும் அதையே நகலெடுப்பார்கள்.

மற்ற ஜோடிகளுக்கு வேறு கணக்கு. மார்பகமும் சினைப்பையும், அல்லது பெருங்குடலும் கருப்பையும் என்று வந்தால், அதிலும் 50 வயதுக்குக் கீழே வந்தால், பரம்பரை மரபணுச் சோதனை அவசியம். பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். உங்கள் மாமனார் விஷயத்தில் அதற்குத் தேவையில்லை. பிள்ளைகள் பரம்பரை என்று பயப்பட வேண்டாம், புகையிலையை விட்டால் போதும். அவரும் இன்றே விட வேண்டும். கரண்ட் வைக்கும்போதும் பீடி பிடிப்பவர்களுக்கு அதன் பலன் குறைகிறது. டீயை ஆற்றிக் குடிக்கட்டும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்குக் கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2016-இல் வகைப்படுத்தியது. மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம், ஊட்டியிலும் அது 92, 93 டிகிரி.

வைத்தியம் முடிந்தபின் முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயும் கழுத்தும், 6 மாதத்துக்கு ஒருமுறை மார்பு சிடி, கழுத்தில் கரண்ட் வைத்ததால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தச் சோதனை. சிடியில் புதிதாக ஒரு முடிச்சு வந்தால் கதை மறுபடியும் தொடக்கத்திலிருந்து: கன்னத்திலிருந்தா, பழைய நுரையீரலிலிருந்தா, மூன்றாவதா, காசநோயா என்று ஊசி போட்டுத்தான் சொல்ல முடியும். அப்போது ஒப்பிட இரண்டு பழைய பிளாக்குகளும் தேவைப்படும். எந்த லேபில், எந்த எண்ணில் இருக்கின்றன என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிளாக்கை வீட்டில் வைத்தால் அடுப்புப் பக்கமோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்க வேண்டாம், மெழுகு உருகிவிடும்.